பார்ட்னர் ஆக்குகிறோம் என்று வந்த கடிதம்

பிரிட்டனில் ஒரு எல்எல்பியில் உறுப்பினராகச் சேர்வதில் உள்ள வரி, வேலைநிலைச் சிக்கல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரிக் கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வயது 34. கட்டட அமைப்புப் பொறியியல் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை. நிறுவனம் எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை. ஏப்ரல் 6 முதல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் சொன்னது. சம்பளம் 60,000 பவுண்டாக இருந்தது, இனி அதற்குப் பதிலாக வருடம் 66,000 பவுண்ட் நிலையான லாபப் பங்கு. நிர்வாகக் குழு விரும்பினால் அதற்கு மேல் 10 சதவீதம் வரை போனஸ். அவர் போடவேண்டிய மூலதனம் 5,000 பவுண்ட். அப்புறம் ஒரு வரி: "நீங்கள் சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவீர்கள், உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் குறையும்." நேஷனல் இன்ஷூரன்ஸ் என்பது வருமான வரிக்கு மேல் கட்டும் சமூகக் காப்பீட்டுத் தொகை. ஊழியர் என்றால் அவரும் கட்டுவார், முதலாளியும் தனியாக ஒரு பங்கு கட்டவேண்டும்.

"அண்ணா, இது பதவி உயர்வுதானே? கையில வர்றதும் கூடுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

கடிதத்தோடு 64 பக்க உறுப்பினர் ஒப்பந்தமும் இருந்தது. அதை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. நானும் அவரும் அடுத்த மூன்று வாரம் அந்த 64 பக்கங்களோடுதான் இருந்தோம். அவருடைய அனுமதியோடு, ஆளும் நிறுவனமும் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். இதே கடிதம் வழக்கறிஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் வருகிறது. பெரும்பாலானவர்கள் வாழ்த்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு சொல், மூன்று கேள்விகள்

நான் அவரிடம் முதலில் சொன்னது இதுதான். "உறுப்பினர்" என்று கடிதத்தில் இருப்பது ஒரே சொல். ஆனால் அதைச் சட்டம் மூன்று தனித்தனி இடங்களில் வைத்துப் பார்க்கிறது. வரிக்கு நீங்கள் யார்? வேலை உரிமைகளுக்கு நீங்கள் யார்? நிறுவனத்துக்குள் நீங்கள் யார்? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஊழியர்போல வரி கட்டிக்கொண்டு, ஊழியருக்கு உள்ள பாதுகாப்பு எதுவும் இல்லாமல் நிற்கும் நிலை வரலாம். அவருக்கு வந்த கடிதம் நேராக அந்த மூலைக்குத்தான் அவரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எழுதியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல்எல்பி என்ற அமைப்பு பிரிட்டனுக்கு வந்தது 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால். 2001 ஏப்ரல் 6 முதல் நடைமுறை. கம்பெனிபோல அது தனி நபராக நிற்கும், கடன் அதனுடையது. ஆனால் வியாபாரமோ தொழிலோ செய்யும் எல்எல்பியை வரிச் சட்டம் சாதாரணக் கூட்டாண்மையாகத்தான் பார்க்கிறது. லாபத்துக்கு எல்எல்பி வரி கட்டாது, அவரவர் பங்குக்கு உறுப்பினர்கள் கட்டுவார்கள். ஆரம்பத்தில் உறுப்பினர் என்று பெயர் இருந்தால் போதும், வரிக்கு அவர் சுயதொழில்காரர்தான். நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களை வரிசையாக உறுப்பினராக்கினால், முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் முழுதும் மிச்சம்.

2014 ஏப்ரல் 6-ல் அந்த வழி அடைபட்டது. அந்த ஆண்டு நிதிச் சட்டம் 'சம்பள உறுப்பினர்' விதிகளைக் கொண்டுவந்தது. எங்கள் விஷயத்தின் மையம் இதுதான்.

மூன்று நிபந்தனைகள், 66,000 பவுண்ட்

விதிகளில் ஏ, பி, சி என்று மூன்று நிபந்தனைகள். மூன்றும் ஒருவருக்குப் பொருந்தினால் வரிக்கு அவர் ஊழியர். ஒன்றாவது பொருந்தவில்லை என்றால் சுயதொழில்காரராகத் தொடரலாம். எனவே மூன்றில் ஒன்றையாவது உண்மையாக உடைக்கமுடிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

நிபந்தனை ஏ: அவருடைய உழைப்புக்குக் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகையில் 80 சதவீதமாவது 'மறைமுகச் சம்பளமா'? நிலையான தொகை மறைமுகச் சம்பளம். மாறும் தொகையாக இருந்தாலும், எல்எல்பியின் மொத்த லாப நஷ்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்காவிட்டால் அதுவும் மறைமுகச் சம்பளம்தான். இங்கே 66,000 நிலையானது. போனஸ்? ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அது "உறுப்பினர் தானே கொண்டுவந்த பில் தொகையை வைத்து" முடிவாகும் என்று இருந்தது. நிறுவனத்தின் மொத்த லாபத்தை வைத்து அல்ல, அவருடைய சொந்த உழைப்பை வைத்து. அப்படியானால் அதுவும் மறைமுகச் சம்பளம். நூற்றுக்கு நூறு. ஏ பொருந்திவிட்டது.

போனஸ் என்றாலே மாறும் வருமானம், மாறும் வருமானம் என்றாலே லாபப் பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக ஆலோசனை பெற்ற இடங்களில்கூட இது சறுக்கியிருக்கிறது. புளூகிரெஸ்ட் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் நிர்வாக நிறுவனத்தின் வழக்கில் உறுப்பினர்களுக்குப் பெரிய தொகைகள் அவரவர் வேலையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டன. மொத்த லாபம் அதற்கு ஒரு மேல்வரம்பாக இருந்ததே தவிர, தொகையைத் தீர்மானிக்கவில்லை. 2022-ல் முதல் நிலைத் தீர்ப்பாயமும் 2023-ல் மேல் தீர்ப்பாயமும் ஏ பொருந்துகிறது என்றே சொல்லின.

நிபந்தனை பி: எல்எல்பியின் விவகாரங்களில் அவருக்குக் கணிசமான செல்வாக்கு இல்லாமல் இருப்பது. அவருடைய நிறுவனத்தில் 19 உறுப்பினர்கள், நிர்வாகம் நாலு பேர் கையில். புதிய உறுப்பினருக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஒரு ஓட்டு உண்டு, வேறு எதுவும் இல்லை. "என் டீம்ல நான் சொல்றதுதான் நடக்கும், வாடிக்கையாளர் எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அது உண்மை. ஆனால் புளூகிரெஸ்ட் வழக்கு 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனபோது இந்த இடம்தான் மாறியது. கீழ்த் தீர்ப்பாயங்கள் நடைமுறைச் செல்வாக்கையும் கணக்கில் எடுத்திருந்தன. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, செல்வாக்கு உறுப்பினர்களுக்கு இடையிலுள்ள சட்டபூர்வமான உரிமை கடமைகளிலிருந்து பிறக்கவேண்டும், திறமையாலும் மரியாதையாலும் வருவது போதாது என்று சொல்லி, அந்தப் பகுதியைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத செல்வாக்கை நம்பி யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. பி-யும் பொருந்திவிட்டது.

நிபந்தனை சி: அவர் போட்ட மூலதனம், அந்த ஆண்டு எதிர்பார்க்கும் மறைமுகச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்குக் குறைவா? 66,000-ல் கால்பங்கு 16,500. கடிதம் கேட்டது 5,000. பொருந்திவிட்டது.

மூன்றும் பொருந்திவிட்டன. ஆக, கடிதத்திலிருந்த "சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவீர்கள்" என்ற வரியே தவறு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே வரிக்கு அவர் ஊழியர். சம்பளத்திலேயே வரியைக் கழிக்கும் பிஏஒய்இ முறை வழியாக நிறுவனம் வரி பிடித்து, முதலாளி நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டியிருக்கவேண்டும்.

கட்டாமல் விட்டிருந்தால்? பிரிட்டனின் வரித்துறையான எச்எம்ஆர்சி முதலில் நிறுவனத்தின் கதவைத்தான் தட்டும். 2025-26 கணக்கில் முதலாளி பங்கு 5,000 பவுண்டுக்கு மேல் 15 சதவீதம். 66,000-க்கு வருடம் 9,150 பவுண்ட். வரியைப் பொறுத்தவரை சாதாரணமாக 4 வருடம், கவனக்குறைவு என்றால் 6 வருடம், வேண்டுமென்றே செய்ததென்றால் 20 வருடம் வரை பின்னோக்கிப் போகலாம். சரி, அது நிறுவனத்தின் கடன்தானே, நமக்கென்ன என்று அவர் கேட்டார். 41-ஆம் பக்கத்தைக் காட்டினேன். "உறுப்பினரின் வரி நிலை காரணமாக எல்எல்பிக்கு ஏற்படும் எந்தச் செலவையும் உறுப்பினர் ஈடுசெய்யவேண்டும், அதை அவருடைய லாபப் பங்கிலிருந்தும் மூலதனத்திலிருந்தும் கழிக்கலாம்." அந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் அவர் முகத்தில் முதல்முறையாகப் பதவி உயர்வின் மகிழ்ச்சி இறங்கியது. சம்பளக்காரரிடமிருந்து முதலாளி பங்கைப் பிடுங்கச் சட்டம் விடாது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தால் உறுப்பினரோ அதை எதிர்த்துப் போராடவேண்டிய இடத்தில் நிற்கிறார்.

16,500 ஏன் போதாது

நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளர் நல்ல மனிதர். பிரச்சினையைச் சொன்னதும் ஒரே நாளில் பதில் போட்டார்: "மூலதனத்தை 16,500 ஆக்கிவிடலாம், வங்கிக் கடன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்." மேலோட்டமாகப் பார்த்தால் சி உடைந்துவிட்டது. உண்மையில் உடையவில்லை. போனஸும் மறைமுகச் சம்பளம் என்று மேலே பார்த்தோம். கடந்த இரண்டு வருடமும் எல்லோருக்கும் முழு 10 சதவீதம் கொடுத்ததாக அவர்கள் கடிதமே பெருமையாகச் சொல்கிறது. அப்படியானால் எதிர்பார்க்கவேண்டிய தொகை 72,600. அதில் கால்பங்கு 18,150. 16,500 போட்டிருந்தால் 1,650 பவுண்ட் குறைவில் மொத்த ஏற்பாடும் சரிந்திருக்கும். கொஞ்சம் இடம் விட்டு 19,000 என்று வைத்தோம்.

தொகை மட்டும் போதாது, அது எப்படி வருகிறது என்பதும் முக்கியம். புதிதாகச் சேர்பவர் மூலதனம் போடுவதாக உறுதி கொடுத்தால், சேர்ந்து 2 மாதத்துக்குள் போட்டுவிடவேண்டும். எடுக்காமல் விட்ட லாபம் தானாக மூலதனம் ஆகிவிடாது. எல்எல்பியே கடன் கொடுத்து, திருப்பிக் கேட்கமாட்டோம் என்று காதில் சொல்லும் ஏற்பாடும் நிற்காது. பணம் உண்மையாகவே ஆபத்தில் இருக்கவேண்டும். விதிகளைத் தாண்டுவதையே நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளைக் கணக்கில் எடுக்காமல் விட ஒரு தனிப் பிரிவே சட்டத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் எச்எம்ஆர்சி தன் வழிகாட்டியை மாற்றி, 25 சதவீதத்துக்காக மூலதனத்தைக் கூட்டுவதே அந்தப் பிரிவில் சிக்கலாம் என்கிறமாதிரி எழுதி எல்லோரையும் கலங்கடித்தது. 2025-ல் அதைத் திரும்பப் பெற்றது. உண்மையான, நீடிக்கும் மூலதனம் என்றால் பிரச்சினை இல்லை என்ற பழைய நிலைக்கே வந்திருக்கிறது.

ஆனால் உண்மையான ஆபத்து என்றால் அது உண்மையிலேயே ஆபத்து. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நிறுவனம் மூழ்கினால் அந்த 19,000 போய்விடும், வங்கிக் கடன் மட்டும் அவர் பெயரில் நிற்கும். ஊழியராக இருந்தால் கிடைக்கக்கூடிய சம்பளப் பாக்கியும் வேலையிழப்புத் தொகையும் அரசு நிதியிலிருந்து வராது. இன்னொன்றும் உண்டு. நிறுவனம் கலைவதற்கு முந்தைய 2 வருடத்தில் உறுப்பினர் எடுத்த பணத்தை, கடன் கட்டமுடியாத நிலை அவருக்குத் தெரிந்திருந்தாலோ தெரிந்திருக்க நியாயமான காரணம் இருந்தாலோ, கலைப்பாளர் திருப்பிக் கேட்கலாம். 1986-ஆம் ஆண்டு திவால் சட்டத்தை எல்எல்பிக்குப் பொருத்தியபோது சேர்த்த 214ஏ பிரிவு அது. எனவே கணக்குகளைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்குக் கௌரவத்துக்காக மட்டும் அல்ல. மூன்று வருடக் கணக்குகளைக் கேட்டு வாங்கச் சொன்னேன். கொடுத்தார்கள்.

கையில் எவ்வளவு மிஞ்சும்

சரி, இப்போது பணத்தைப் பார்ப்போம். போனஸை இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன். 2025-26 விகிதங்கள்.

ஊழியராக 60,000: வருமான வரி 11,432, நேஷனல் இன்ஷூரன்ஸ் 3,211. கையில் 45,357 பவுண்ட். இதற்கு மேல் நிறுவனம் பென்ஷனுக்கு 5 சதவீதம், 3,000 போட்டுக்கொண்டிருந்தது. முதலாளி நேஷனல் இன்ஷூரன்ஸ் 8,250. ஆக நிறுவனத்துக்கு அவருடைய விலை 71,250.

சுயதொழில் உறுப்பினராக 66,000: வருமான வரி 13,832. சுயதொழில்காரர் கட்டும் நாலாம் வகுப்பு நேஷனல் இன்ஷூரன்ஸ் 50,270 வரை 6 சதவீதம், அதற்கு மேல் 2 சதவீதம், மொத்தம் 2,577. கையில் 49,591 பவுண்ட்.

வருடம் 4,234 பவுண்ட் கூடுகிறது. கடிதம் காட்டியது இதைத்தான். காட்டாதவை: பென்ஷன் நின்றுவிடும். அதே 3,000-ஐ அவரே போட்டால், 40 சதவீத வரிச் சலுகை போகக் கையிலிருந்து 1,800 போகும். 19,000 கடனுக்கு 8 சதவீத வட்டி 1,520. தொழில் செய்யும் கூட்டாண்மையில் முதலீடு செய்ய வாங்கிய கடன் என்பதால் வட்டிக்கு வரிச் சலுகை உண்டு, அது போக 912. மிச்சம் 1,522. மாதம் சுமார் 127 பவுண்ட்.

நிறுவனத்துக்கோ வருடம் 5,250 மிச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அப்போ யாருக்கு அண்ணா இது பதவி உயர்வு?"

நான் அவரைத் தடுக்க நினைக்கவில்லை. கூட்டாண்மையில் சேர்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு: முழுப் பங்காளியாகும் வழி, தொழிலில் நிற்கும் இடம், சொந்தம் என்ற உணர்வு. ஆனால் அந்தக் காரணங்களுக்காகச் சேருங்கள், நேஷனல் இன்ஷூரன்ஸ் 2 சதவீதம் குறைகிறது என்பதற்காகச் சேராதீர்கள் என்றேன்.

சுரங்கத்தில் இறந்த பங்காளி

வேலை உரிமைக்கு வருவோம். இதற்கு 1905 வரை பின்னால் போகவேண்டும். எல்லிஸ் என்பவர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பங்காளிகளில் ஒருவர். பங்காளிகள் தங்களுக்குள் பேசிவைத்தபடி அவர் சுரங்கத்தில் இறங்கி மேஸ்திரியாக வேலை பார்த்தார், வாரக் கூலியும் வாங்கினார். விபத்தில் இறந்துபோனார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி அவர் மனைவி இழப்பீடு கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: ஒருவர் தனக்குத் தானே முதலாளியாகவும் தொழிலாளியாகவும் இருக்கமுடியாது. கூலி வாங்கினாலும் அவர் பங்காளிதான். அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக அந்தத் தர்க்கம்தான் நிற்கிறது.

எல்எல்பி சட்டத்தின் 4(4) பிரிவு அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறது: சாதாரணக் கூட்டாண்மையில் இருந்திருந்தால் ஊழியராகக் கருதப்பட்டிருப்பார் என்றால் ஒழிய, உறுப்பினரை எல்எல்பியின் ஊழியராகக் கருதக்கூடாது. இது எவ்வளவு உயரமான சுவர் என்பதை டிஃபின் எதிர் லெஸ்டர் ஆல்ட்ரிட்ஜ் வழக்கு காட்டியது. வழக்குப் போட்டவர் நிலைப் பங்கு உறுப்பினர். மூலதனம் 5,000 பவுண்ட், அதாவது நம் கடிதத்தில் இருந்த அதே தொகை. வருமானத்தில் பெரும்பகுதி நிலையானது, லாபத்தில் சின்னப் பங்கு, கூட்டத்தில் ஓட்டு. நான் உண்மையில் ஊழியர்தான், நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்றார். 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பங்காளியே என்றது. லாபத்தில் கொஞ்சமாவது பங்கு, மூலதனத்தில் கொஞ்சமாவது பங்கு, நிர்வாகத்தில் கொஞ்சமாவது குரல், இவை இருந்தால் போதும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5,000 பவுண்ட் மூலதனம் அவரை ஊழியர் உரிமையிலிருந்து வெளியே தள்ளப் போதும். வரிச் சட்டத்தில் சுயதொழில்காரராக ஆக்கவோ போதாது. முதல் கடிதத்தில் அவர் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால், ஊழியரின் வரி, பங்காளியின் பாதுகாப்பின்மை, இரண்டும் ஒரே நாளில் அவருக்குக் கிடைத்திருக்கும். சம்பள உறுப்பினர் விதிகள் வரிக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸுக்கும் மட்டும்தான். எச்எம்ஆர்சி ஊழியர் என்று சொன்னதைத் தூக்கிக்கொண்டு வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் எடுபடாது.

முழுதும் கைவிரித்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. பிரிட்டிஷ் சட்டத்தில் ஊழியருக்கும் சுயதொழில்காரருக்கும் நடுவில் 'வொர்க்கர்' என்று ஒரு நிலை இருக்கிறது. 2014 மே 21-ல் உச்ச நீதிமன்றம் கிளைட் அண்ட் கோ எதிர் பேட்ஸ் வான் விங்கல்ஹோஃப் வழக்கில் இதைப் பேசியது. அந்த வழக்கறிஞர் எல்எல்பியின் முழுப் பங்கு உறுப்பினர், தான்சானியாவில் ஒரு கூட்டு நிறுவனத்தோடு வேலை செய்தார். அந்த நிறுவனத்தின் தலைமைப் பங்காளி வேலை பிடிக்க லஞ்சம் கொடுத்ததாகத் தன்னிடம் ஒப்புக்கொண்டார் என்று 2010 நவம்பரில் புகார் சொன்னார். 2011 ஜனவரியில் எல்எல்பியிலிருந்து நீக்கப்பட்டார். முறைகேட்டை அம்பலப்படுத்தியவருக்கான பாதுகாப்பு உறுப்பினருக்கு உண்டா என்பதுதான் கேள்வி. நீதிபதி லேடி ஹேல் எழுதிய தீர்ப்பு உண்டு என்றது. அவர் தன் சேவையை எல்எல்பிக்கு மட்டும்தான் கொடுக்கமுடியும், அதன் தொழிலின் உள்ளுறுப்பு, எல்எல்பி அவருக்கு வாடிக்கையாளர் அல்ல. எனவே வொர்க்கர். 4(4) பிரிவு ஊழியர் ஒப்பந்தம் என்ற குறுகிய அர்த்தத்தை மட்டும்தான் தடுக்கிறது, இதைத் தடுக்கவில்லை.

சம்பளத்தோடு 5.6 வார விடுமுறை என்ற சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வரையறைதான். எனவே அவருக்கு அது கிடைக்க நல்ல வாதம் இருக்கிறது. பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு, கர்ப்பம் உட்பட, 2010 சமத்துவச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் எல்எல்பி உறுப்பினர்களுக்கு நேராகவே எழுதப்பட்டிருக்கிறது. போவது எது என்றால், நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான உரிமையும் வேலையிழப்புத் தொகையும். ஆறு வருட சர்வீஸ் அன்றோடு முடிகிறது. 2025-26-ன் வாரத்துக்கு 719 பவுண்ட் உச்சவரம்பில் அவருக்குச் சேர்ந்திருந்தது 4,314 பவுண்ட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

பிரசவ விஷயத்தை அவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊழியராக இருந்தால் முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். 60,000 சம்பளத்துக்கு வாரம் சுமார் 1,038 பவுண்ட். சுயதொழில்காரருக்கு அரசு தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸ்தான், 2025-26-ல் வாரம் அதிகபட்சம் 187.18. அந்த 6 வாரத்தில் மட்டும் வித்தியாசம் 5,100 பவுண்டுக்கு மேல். வருடம் 1,522 என்று கணக்குப் பார்த்தோமே, மூன்று வருட லாபம் ஒரு பிரசவத்தில் போய்விடும்.

கதவைச் சாத்திவிட்டுப் போகமுடியாது

ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று இடங்கள் என்னை நிறுத்தின.

முதலாவது, நீக்கும் அதிகாரம். ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டால், பெரும்பான்மை சேர்ந்து ஓர் உறுப்பினரை நீக்கமுடியாது என்பது 2001 எல்எல்பி ஒழுங்குவிதிகளின் இயல்பு விதி. இங்கே எழுதியிருந்தார்கள்: 75 சதவீத ஓட்டு, 3 மாத அறிவிப்பு, காரணம் சொல்லவேண்டியதில்லை. இரண்டாவது, போன பிறகு மூலதனம் மூன்று வருடத் தவணையில், வட்டி இல்லாமல். வெளியே அனுப்பிவிட்டு அவர் பணத்தை மூன்று வருடம் வைத்திருப்பார்கள், வங்கிக்கு வட்டியை அவர் கட்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது காகிதத்தில் இல்லாதது. முதலாளி ஒப்பந்தத்தைக் கடுமையாக மீறினால் ஊழியர் எழுந்து வெளியே போய், என்னை நீக்கியதாகவே கருதுகிறேன் என்று வழக்குப் போடலாம். எல்எல்பி உறுப்பினர் அப்படிச் செய்யமுடியாது என்று 2015-ல் ஃப்ளனகன் எதிர் லயன்ட்ரஸ்ட் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல பேர் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தை ஒருவர் ஒருபக்கமாக முறித்துக்கொள்ள முடியாது. எனவே வெளியேறும் வழி எது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

இங்கேதான் நான் அவரிடம் அழுத்திச் சொன்னேன். ஊழியருக்குச் சட்டம் கொடுப்பதை உறுப்பினர் பேசித்தான் வாங்கவேண்டும். பேசுவதற்கு ஒரே ஒரு சமயம்தான் இருக்கிறது, கையெழுத்துக்கு முன்னால்.

என்ன மாற்றினார்

நாங்கள் ஒன்றரைப் பக்கத்தில் கோரிக்கைகளை எழுதினோம். அவரே போய்ப் பேசினார். உடம்பு சரியில்லாமல் போனால் 6 மாதம் முழுப் பங்கு, பிரசவத்துக்கு ஊழியர்களுக்குத் தரும் அதே ஏற்பாடு, இரண்டுக்கும் உடனே சரி என்றார்கள். மூலதனம் 6 மாதத்துக்குள் திரும்ப வரும். நீக்கினால் 6 மாத அறிவிப்பு, அதோடு எழுத்தில் காரணம். ஈடுசெய்யும் வாக்கியத்துக்குத்தான் இழுபறி. கடைசியில் உறுப்பினர் தவறான தகவல் கொடுத்ததால் வரும் செலவு மட்டும் என்று சுருக்கினார்கள், முதலாளி நேஷனல் இன்ஷூரன்ஸ் அதில் வராது என்று தனியாக எழுதினார்கள். ஓட்டு உரிமையைக் கூட்டமாட்டோம் என்றார்கள். அதை விட்டுவிட்டோம்.

மாதாமாதம் கொடுப்பதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தோம். மாதம் 5,500 பவுண்ட் டிராயிங்ஸ். அது சம்பளம் இல்லை, லாபத்துக்கு முன்பணம். வருட முடிவில் லாபம் போதாமல் போனால் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. வரியோ, கையில் எடுத்த பணத்துக்கு அல்ல, ஒதுக்கிய பங்குக்கு. எடுக்காவிட்டாலும் வரி உண்டு.

இதில் அவருக்கு ரொம்ப முக்கியமானது தேதி. தன் வரியைத் தானே கணக்குக் காட்டிக் கட்டும் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு 2026 அக்டோபர் 5-க்குள் பதிவு செய்யவேண்டும். முதல் வரி 2027 ஜனவரி 31-ல். ஏறத்தாழ இரண்டு வருடம் யாரும் ஒரு பைசா பிடிக்கமாட்டார்கள். அன்றைக்கு முதல் வருடத்தின் 16,409 பவுண்டும், அடுத்த வருடத்துக்கு முன்பணமாக அதில் பாதி 8,204-ம் சேர்த்து 24,613 பவுண்ட் ஒரே நாளில் கட்டவேண்டும். ஜூலை 31-ல் இன்னொரு 8,204. ஆறு வருடம் பேஸ்லிப்பில் கழித்த பிறகு வந்த பணத்தையே பார்த்துப் பழகியவருக்கு, 5,500 முழுதாக விழும்போது எல்லாம் தன்னுடையது என்றுதான் தோன்றும். முதல் ஜனவரியில் கடன் வாங்கி வரி கட்டிய புது உறுப்பினர்களை நான் பார்த்திருக்கிறேன். சில நிறுவனங்கள் வரிக்கென்று பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த நிறுவனம் அப்படிச் செய்வதில்லை.

ஏப்ரல் 6-ல் சேர்ந்தார். மூலதனம் மே மாதமே போய்ச் சேர்ந்தது, 2 மாதக் கெடுவுக்குள். முதல் டிராயிங்ஸ் விழுந்த அன்று சாயங்காலம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். 5,500 வந்திருக்கிறது, அதிலிருந்து 1,400 உடனே இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போயிருக்கிறது, ஒவ்வொரு மாதமும் தானாகப் போகும்படி. அந்தக் கணக்குக்கு வங்கி ஆப்பில் அவர் வைத்திருக்கும் பெயர்: "என் பணம் இல்லை."